விகிதக் கணக்கு: கூட்டுவதற்கு முன் ‘ஒரு பங்கு எவ்வளவு’ என்று கேளுங்கள்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் விகிதக் கணக்கில் தடுமாறுகிறாள். ‘இரண்டு எண்களின் விகிதம் 3:5. இரண்டோடும் 8 கூட்டினால் விகிதம் 2:3. எண்கள் என்ன?’ இதற்கு 3+8, 5+8 என்று கூட்டி, 11:13 என்று எழுதிவிட்டு நிற்கிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: 3, 5 என்பவை எண்கள் அல்ல, பங்குகள். எண்கள் 30, 50 ஆக இருந்தாலும் விகிதம் 3:5தான். ஒரு பங்கு எவ்வளவு என்று தெரியாமல் அதோடு 8-ஐக் கூட்ட வழியில்லை. தெரியாத அந்த ஒரு பங்குக்கு ‘க’ என்று பெயர் வைக்கச் சொல்லுங்கள். எண்கள் 3க, 5க. இதை எழுதிவிட்டாலே பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

அப்புறம் கணக்கு சொல்வதை அப்படியே எழுதினால் போதும்:

(3க + 8) : (5க + 8) = 2 : 3

குறுக்கே பெருக்கினால் 9க + 24 = 10க + 16. எனவே க = 8.

நிறையப் பிள்ளைகள் இங்கேயே பேனாவை வைத்துவிடுவார்கள். 8 என்பது ஒரு பங்குதான். கேட்ட எண்கள் 24, 40. சரிபார்க்கவும் பழக்குங்கள்: 8 கூட்டினால் 32, 48. இரண்டையும் 16ஆல் வகுத்தால் 2:3.

இதே கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது. 3:5-இல் வித்தியாசம் 2 பங்கு; 2:3-இல் 1 பங்கு. புதிய விகிதத்தை 4:6 என்று எழுதிக்கொண்டால் அங்கேயும் 2 பங்கு. இப்போது 3 பங்கு 4 ஆகியிருக்கிறது, கூடிய அந்த ஒரு பங்குதான் 8! வயதுக் கணக்குகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். ஆனால் ஒரு எண்ணோடு மட்டும் கூட்டினால் செல்லாது. அதனால் சமன்பாடு கைவந்த பிறகே இதைக் காட்டுங்கள்.

மூன்று பேர் வரும் கணக்கில் மட்டும் கவனம் தேவை. முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் 2:3, இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் 4:5 என்றால், இரண்டாமவர் 3க-வா, 4க-வா? இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. 3, 4-இன் மீச்சிறு பொது மடங்கான 12-க்கு இரண்டையும் கொண்டுவந்தால் 8:12:15. அதன் பிறகுதான் 8க, 12க, 15க.