நீண்ட விமானப் பயணத்தில் நான்கு வயதுக் குழந்தையை எப்படிச் சமாளிப்பது?

சென்னையிலிருந்து துபாய் வழியாக நியூயார்க் போகிறோம், மகளுக்கு நான்கு வயது என்று கேட்டிருக்கிறீர்கள். துபாய் வரை நான்கு மணி நேரம்தான், எப்படியோ ஓடிவிடும். அதற்கப்புறம் வரும் ஏறத்தாழ 14 மணி நேரத்துக்குத்தான் திட்டம் வேண்டும்.

பையில் இருப்பதையெல்லாம் ஏறியவுடன் கடை பரப்பிவிடாதீர்கள். மணிக்கு ஒன்றாக வெளியே எடுங்கள். ஒட்டி ஒட்டிப் பிரிக்கிற ஸ்டிக்கர் புத்தகம், தண்ணீர் தொட்டு வரையும் புத்தகம் இரண்டும் நன்றாக ஓடும். உருண்டை கிரேயான் வேண்டாம். முன்சீட்டுக்கு அடியில் உருண்டு போனால் தேடி எடுப்பது உங்கள் வேலை. விலை உயர்ந்த பொம்மையும் தேவையில்லை. என் மகன் பாதுகாப்பு அட்டையில் இருந்த படங்களைப் பார்த்தே அரை மணி நேரம் கதை சொன்னான்!

வீடியோ காட்டலாமா? தாராளமாக. அன்றைக்கு ஒரு நாள் சட்டத்தைத் தளர்த்துங்கள். வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் தரும் ஹெட்போன் சின்னத் தலையில் நிற்காது, ஒயர் வைத்த குழந்தை ஹெட்போன் ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஒரு மணிக்கு ஒருமுறை நடைபாதையில் நடக்க வையுங்கள், உணவு வண்டி வராத நேரமாகப் பார்த்து.

இறங்கும்போது கேபின் காற்றழுத்தம் கூடுவதால் காது அடைத்து வலிக்கும். விழுங்கும்போது காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். தூக்கத்தில் குறைவாகவே விழுங்குவோம். அதனால் இறங்கத் தொடங்கும் முன்பே எழுப்பி, ஸ்ட்ரா போட்ட பாட்டிலில் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள்.