போலீஸ் தடுத்து நிறுத்தும் ஆட்களின் இனத்தைப் பதிவு செய்யச் சொல்வதே பாகுபாடு இல்லையா?

அப்படித்தான் முதலில் தோன்றும். ஆனால் எழுதாமல் விட்டால் பாகுபாடு மறையாது, அதற்கான சாட்சிதான் மறையும்.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் அங்கே வந்த சட்டப்படி, காவலர் ஒருவரை நிறுத்தினால் ஏன் நிறுத்தினார், சோதித்தாரா, என்ன கிடைத்தது என்பதோடு நிறுத்தப்பட்டவருடைய இனத்தையும் குறிக்க வேண்டும். "நீங்கள் என்ன இனம்?" என்று கேட்கவே கூடாது. தன் கண்ணுக்கு என்ன தோன்றியதோ அதையே எழுத வேண்டும். விசித்திரமாக இருக்கிறதா? பாகுபாடு பிறப்புச் சான்றிதழைப் பார்த்து நடப்பதில்லை, முகத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. அதனால் இந்த விதி சரி என்பேன்.

அப்புறம், ஒவ்வொரு இனத்திலும் எத்தனை பேர் நிறுத்தப்பட்டார்கள் என்பதை வெறுமனே மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் போதாது. யார் எவ்வளவு வண்டி ஓட்டுகிறார்கள் என்பது அதில் தெரியாது. ஆய்வாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். மாலை ஏழு மணி ஒரு பருவத்தில் வெளிச்சம், இன்னொரு பருவத்தில் இருட்டு. இருட்டில் ஓட்டுநரின் முகம் சரியாகத் தெரியாது. அதே ஏழு மணிக்கு, வெளிச்சம் இருக்கும் நாட்களில் மட்டும் கறுப்பினத்தவர் அதிகம் நிறுத்தப்பட்டால் சந்தேகம் வலுக்கும். சோதனைக்கு உள்ளானவர்களில் எத்தனை பேரிடம் ஏதாவது சிக்கியது என்பதும் நல்ல அளவுகோல்; ஒரு இனத்தவரிடம் மட்டும் அது குறைவாக இருந்தால், அவர்களைப் போதிய காரணம் இல்லாமல் சோதிக்கிறார்களோ என்று கேட்கலாம்.

ஓட்டை இல்லாமல் இல்லை. படிவத்தை நிரப்புவது அதே காவலர்தான். டெக்சஸில் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்த) ஓட்டுநர்கள் பலரை மாநிலக் காவலர்கள் 'வெள்ளையர்' என்று பதிந்திருந்தது 2015-இல் அம்பலமானது. அதன் பிறகு அங்கே ஓட்டுநரிடமே இனத்தைக் கேட்கச் சொன்னார்கள்.