எந்த இனத்தின் ஊர்?

கேள்வி: அல்பேனியாவில் உள்ள வோஸ்கோபோயா என்ற மலைக் கிராமத்தைப் பற்றிப் படித்தேன். ஒருவர் அதைக் கிரேக்க நகரம் என்கிறார், இன்னொருவர் ருமேனிய வம்சாவளியினரின் ஊர் என்கிறார், மூன்றாமவர் அல்பேனியர்களுடையது என்கிறார். உண்மையில் அது எந்த இனத்தின் ஊர்? கலப்பு ஏற்படும் முன் அங்கே இருந்த பூர்வகுடிகள் யார்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: சரி, சுற்றி வளைக்காமலே சொல்கிறேன். 18ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் செழித்திருந்தபோது அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அரோமானியர்கள். விளாக்குகள் என்றும் அவர்களைச் சொல்வார்கள். லத்தீனிலிருந்து பிறந்த, ருமேனிய மொழிக்கு நெருக்கமான ஒரு மொழியைப் பேசுகிறவர்கள். ஆடு மேய்த்தார்கள், கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி நாடு நாடாகப் போனார்கள். உங்கள் முதல் கேள்விக்கு இதற்கு மேல் நேரான பதில் கிடையாது. இரண்டாவது கேள்விக்குப் பதிலே கிடையாது. ‘கலப்பு ஏற்படும் முன்’ என்று ஒரு காலத்தை நீங்களாகக் கற்பனை செய்துகொள்கிறீர்கள். அந்த ஊர் ஊராக அறியப்பட்ட நாளிலிருந்தே பல மொழி பேசிய ஊர்தான்.

கோர்ச்சா நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் மேலே, ஏறக்குறைய 1,160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அது. அங்கிருந்து கம்பளியும் தோலும் வெனிஸ், வியன்னா, லைப்சிக் வரை போயின. வியாபாரி வீட்டில் பேசியது அரோமானிய மொழி. கணக்கும் கடிதமும் எழுதியது, தேவாலயத்தில் கேட்டது எல்லாம் கிரேக்கம். மலையை விட்டு இறங்கினால் அல்பேனியம், பக்கத்து மக்கெதோனிய நகரமான ஓஹ்ரித் பக்கம் போனால் பல்கேரியம், மக்கெதோனியம் சார்ந்த ஸ்லாவிய மொழி. 1744 முதல் ‘புதிய அகாதமி’ என்று பெயர் பெற்ற அந்த ஊர்ப் பள்ளியின் தலைவர் தியோடோரோஸ் கவலியோடிஸ், 1770இல் வெனிஸில் அச்சிட்ட பாடநூலில் கிரேக்கம், அரோமானியம், அல்பேனியம் மூன்றுக்கும் சொற்பட்டியல் கொடுத்தார். அதே ஊரைச் சேர்ந்த தானியேல், ஸ்லாவிய மொழியையும் சேர்த்து நான்கு மொழி அகராதி தொகுத்தார். முகப்பில் ஒரு செய்யுள்: அல்பேனியர்களே, விளாக்குகளே, பல்கேரியர்களே, உங்கள் மொழிகளை விட்டுவிட்டுக் கிரேக்கத்துக்கு வாருங்கள் என்று அழைக்கிறார். அழைத்தவரும் ஓர் அரோமானியர்தான்! எந்த மொழிகளைக் கைவிடச் சொன்னாரோ, அந்த மொழிகளை ஆராய்கிறவர்கள் இன்று தேடிப் போகும் பழைய ஆதாரங்களில் அவர் அகராதியும் ஒன்று. இந்த மனிதரை எந்த இனக் கணக்கில் வைப்பீர்கள்?

நீங்கள் படித்த மூவரும் எங்கே தடுமாறுகிறார்கள் என்றால், அந்தப் பகுதியை அப்போது ஆண்ட ஒட்டோமான் துருக்கி அரசு மக்களை மொழியால் பிரிக்கவில்லை, மதத்தால்தான் பிரித்தது. கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபையின் கீழ் இருந்த ஆர்த்தடாக்ஸ் (கிழக்கு மரபு) கிறிஸ்தவர்கள் வீட்டில் என்ன மொழி பேசினாலும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். பின்னாளில் கிரேக்க தேசியவாதிகள் அந்தப் பட்டியல் முழுவதையும் கிரேக்கர் என்று வாசித்தார்கள். 1860களிலிருந்து ருமேனியா, அரோமானியர்களுக்குப் பள்ளிகள் திறக்கப் பணம் கொடுத்து, இவர்கள் எங்கள் ரத்தம் என்றது. 1905இல் ஒட்டோமான் சுல்தான் அரோமானியர்களைத் தனிச் சமூகமாக அங்கீகரித்தார். அப்புறம் எல்லை வரைந்தபோது ஊர் அல்பேனியாவுக்குள் வந்தது. மூன்று தேசங்களும் தங்களுக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டன.

அந்த ஊரில் அறுபதாயிரம் பேர் இருந்தார்கள் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அந்த மலைச்சரிவில் அத்தனை பேருக்கு ரொட்டி எங்கிருந்து வரும்? பெருமைக்காக ஊதிய எண் அது, நம்பாதீர்கள். அச்சுக்கூடமும் பள்ளியும் இருபதுக்கு மேற்பட்ட தேவாலயங்களும் இருந்ததே போதுமான பெருமை.

1768இல் ரஷ்ய-துருக்கிப் போர் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஊர் சூறையாடப்பட்டது. 1788இல் மறுபடியும். மிச்சம் இருந்ததில் பெரும்பகுதி முதல் உலகப் போரின்போது, 1916இல், எரிக்கப்பட்டது. சூறையாடிய கூட்டங்களில் அல்பேனிய முஸ்லிம்கள் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைக் காட்டி, இன்று அங்கே வாழும் அல்பேனியர்களை வந்தேறிகள் என்று எழுதுவது அநியாயம். அப்படி எழுதும் ஒரு வரியைக்கூட இந்தப் பத்திரிகையில் நான் அனுமதிக்க மாட்டேன்.

ஓடிப்போனவர்களின் வாரிசுகளைப் பாருங்கள். வியன்னாவில் வங்கி நடத்திய சினா குடும்பத்தின் வேர் இந்த ஊரில்தான். அந்தக் குடும்பத்தின் பணத்தில்தான் ஏதென்ஸ் அகாதமியின் கட்டடம் எழுந்தது. டிரான்சில்வேனியாவில் ருமேனிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்குத் தலைமை தாங்கி, ருமேனியர்கள் இன்றும் கொண்டாடும் அந்திரேய் ஷாகுனாவின் முன்னோரும் இந்த வட்டாரத்திலிருந்து போன அரோமானியர்களே. இன்னும் பலர் வடக்கே மக்கெதோனிய மலையில் உள்ள க்ருஷெவோவில் குடியேறினார்கள். 1903இல் அங்கே ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக எழுந்த பத்து நாள் குடியரசில் விளாக்குகளும் ஸ்லாவியர்களும் சேர்ந்தே நின்றார்கள். துப்பாக்கியோடு நின்று செத்த தளபதி பிட்டு குலி ஒரு விளாக். இந்த வட்டாரத்திலிருந்து சிதறிய மக்களின் பிள்ளைகள் கிரேக்கத்துக்குக் கொடையாளர், ருமேனியர்களுக்குத் தலைவர், மக்கெதோனியர்களுக்கு வீரர். ‘ஒரே ஒரு இனத்தைச் சொல்’ என்று கேட்டால் இவர்களில் இரண்டு பேரை நான் அழிக்க வேண்டியிருக்கும்.

இன்று வோஸ்கோபோயா சிறிய கிராமம். அரோமானியரும் அல்பேனியரும், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அங்கே இருக்கிறார்கள். தாவித் செலெனிட்சா 1726இல் ஓவியம் தீட்டிய புனித நிக்கோலா தேவாலயம் இன்னும் நிற்கிறது. அரோமானியர்களைத் தேசியச் சிறுபான்மையினராக அல்பேனியா சட்டம் போட்டு ஏற்றது 2017இல்தான். அவர்கள் மொழியை அழியும் ஆபத்தில் உள்ளவற்றில் ஒன்றாக யுனெஸ்கோ வைத்திருக்கிறது. பூர்வகுடி யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த மொழியைப் பிள்ளைகள் பள்ளியில் படிக்க என்ன வழி இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.