மூடியும் கைப்பிடியும் உள்ள இந்தச் சல்லடைப் பெட்டி எதற்கு?

இங்கிலாந்தில் ஒரு பழம்பொருள் சந்தையில் பார்த்த பொருளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கறுப்பு வர்ணம் பூசிய தகரத் தொட்டி, உள்ளே கம்பிச் சல்லடை, பக்கவாட்டில் சுழற்றும் கைப்பிடி, மேலே இறுகப் பொருந்தும் மூடி. விற்றவர் மாவு சலிப்பது என்று சொன்னாராம். அந்தச் சல்லடைக் கண்ணில் சுண்டைக்காயே விழுந்துவிடும், மாவு எங்கே நிற்கும்? அது அடுப்புச் சாம்பல் சலிக்கும் பெட்டி. நிலக்கரி எரித்த வீடுகளில், சாம்பலோடு சேர்ந்து வந்துவிட்ட எரியாத கரித்துண்டுகளைப் பிரித்தெடுத்து மறுபடி அடுப்பில் போடுவதற்காகச் செய்தது.

நான் வட இங்கிலாந்தில் ஒரு பழைய கல்வீட்டில் குடியிருக்கிறேன். குளிர்காலத்தில் இரும்புக் கணப்பு அடுப்பில் ஆந்த்ரசைட் என்னும் புகை குறைந்த கடின நிலக்கரியை எரிக்கிறோம். அதனால் இந்தப் பெட்டியின் எளிய தம்பி ஒன்று எங்கள் கொல்லைப்புறத்திலும் கிடக்கிறது. பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், சாம்பலில் கரி ஏன் மிஞ்சுகிறது? விறகடுப்பில் பழகியவர்களுக்கு இது விளங்காது. விறகை அதன் போக்கில் எரியவிட்டால் கடைசியில் ஒரு கைப்பிடி வெள்ளைச் சாம்பல்தான் மிஞ்சும். நிலக்கரி அப்படியல்ல. சூடேறியதும் அதிலுள்ள வாயுக்கள் முதலில் வெளியேறிச் சுவாலையாக எரிந்து தீர்கின்றன. மிஞ்சும் திடக்கரி வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி மெதுவாக எரிகிறது. எரிய எரிய வெளியே சாம்பல் தோல் ஒன்று படிகிறது. சாதாரண வீட்டு நிலக்கரியில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை எரியாத மண்சத்து இருக்கும். அந்தத் தோல் அதனால் ஆனது. தோல் தடித்தால் உள்ளே காற்று போகாது.

இதற்கிடையில் நாம் சும்மா இருப்பதில்லை. தணல் மங்குகிறதே என்று கம்பியால் கிளறுகிறோம், அடித்தட்டை ஆட்டுகிறோம். சாம்பலோடு சின்னச் சின்னக் கங்குகளும் தட்டின் இடுக்கு வழியாகக் கீழே விழுகின்றன. கூட்டமாக இருந்தபோது ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொண்டிருந்தவை தனியாக விழுந்ததும் அணைந்துவிடுகின்றன; ஒற்றைக் கங்கு உண்டாக்கும் வெப்பத்தைவிட இழக்கும் வெப்பம் அதிகம். மேலே சாம்பல் பூசி, உள்ளே நல்ல கரியோடு அப்படியே கிடக்கும். கண்ணால் பார்த்தால் எல்லாம் சாம்பல்தான்.

இனி அந்தப் பெட்டிக்கு வருகிறேன். சல்லடையில் புதுமை ஒன்றும் இல்லை. தானியம் சலித்த காலத்திலிருந்தே இருப்பது. இந்தக் கருவியில் யோசித்துச் செய்த பகுதி என்று நான் சொல்வது மூடியைத்தான். நிலக்கரிச் சாம்பல் மிக நுண்ணியது. திறந்த சல்லடையில் போட்டு இரண்டு முறை ஆட்டினால் போதும், தலைமுடி, மூக்கு, கொடியில் காயும் துணி எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். சிக்கனத்தைப் பற்றி எவ்வளவு போதித்தாலும், தினமும் காலையில் அந்தத் தூசியை விழுங்க யாரும் முன்வரமாட்டார்கள். அகப்பட்டவர் பெரும்பாலும் வீட்டு வேலைக்காரப் பெண்ணாக இருந்தார் என்பதும் உண்மை. மூடியைப் போட்டு, கைப்பிடியை வெளியே வைத்து, தூசியை உள்ளேயே அடைத்த பிறகுதான் இது சமையலறைக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க கருவியாக மாறியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வீடுகளில் இது எவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு சான்று. 1861இல் வெளிவந்து பெரும் புகழ்பெற்ற வீட்டு நிர்வாக நூல் ஒன்று, வேலைக்காரப் பெண்ணின் காலைக் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. கணப்பின் முன்னால் துணி விரித்து, ஒரு பக்கம் தூரிகைப் பெட்டியையும் மறுபக்கம் சாம்பல் வாளியையும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வாளி வர்ணம் பூசிய தகரத்தால் ஆனது. உள்ளே கம்பிச் சல்லடை, மேலே நெருக்கமான மூடி. சலித்து எடுத்த கரித்துண்டு சமையல் அடுப்புக்கோ, துணி வெளுக்கும் வெந்நீர்க் கொப்பரைக்கோ போகும். சாம்பல் மட்டும் குப்பைக்கு. இதில் கவனிக்க வேண்டியது, வரவேற்பறைக் கணப்புக்கு அந்தக் கரி திரும்பிப் போகவில்லை என்பது. விருந்தினர் முன்னால் சுவாலை விட்டு எரியப் புதுக் கரி. கண்காணாத இடத்தில் கொப்பரைக்கு இரண்டாம் தரக் கரி. அந்த வீடுகளின் படிநிலை அடுப்பிலும் தெரிகிறது.

ஆனால் இரண்டாம் தரம் என்பது தோற்றத்துக்குத்தான். வாயு எல்லாம் ஏற்கெனவே போய்விட்டதால் இந்தக் கரி புகையே இல்லாமல் எரியும். பற்றுவதற்குத்தான் அடம் பிடிக்கும். அதை வைத்து அடுப்பு மூட்ட நினைத்தால் தீப்பெட்டிதான் தீரும். நன்றாகப் பிடித்த தணலின் மேல் போட வேண்டும். இரவில் தணலை அணையாமல் காப்பதற்கு இன்னும் உகந்தது. கரித்தூளோடு கலந்து லேசாக நீர் தெளித்து மேலே மூடிவிட்டால் காற்று குறைந்து, விடியும்வரை உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

வீட்டில் சலிக்காவிட்டால் அந்தக் கரி வீணாகப் போனதா என்றால், அதுவும் இல்லை. லண்டனில் வீட்டுச் சாம்பலை அள்ளிப் போவதே தனித் தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாம்பல் அள்ளும் உரிமைக்காக ஒப்பந்தக்காரர்கள் உள்ளூர் நிர்வாகத்துக்குப் பணம் கட்டினார்கள். குப்பை அள்ள நாம் பணம் கொடுக்கிறோம். அவர்கள் பணம் கொடுத்து அள்ளினார்கள். காரணம் செங்கல். ஊர் விரிந்துகொண்டிருந்தது, சூளைகளுக்குச் சாம்பல் வேண்டியிருந்தது. சலித்த நுண்சாம்பலைக் களிமண்ணோடு கலந்து கல் அறுப்பார்கள். அதில் ஒட்டியிருக்கும் கரித்துகள் சூளையில் கல்லின் உள்ளேயே எரிந்து அதைச் சுடும். பெரிய கரித்துண்டுகளைக் கல் வரிசைகளுக்கு இடையில் எரிபொருளாகப் பரப்புவார்கள். லண்டனின் பழைய மஞ்சள் செங்கற்களை அருகில் போய்ப் பாருங்கள். ஆங்காங்கே கறுப்புப் புள்ளிகளும் சிறு குழிகளும் தெரியும். யாரோ ஒருவர் வீட்டு அடுப்புச் சாம்பல் அது.

அந்தச் சாம்பல் மேடுகளில் சலித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இடுப்பளவு சாம்பலுக்குள் நின்றுகொண்டு, கனத்த மேலாடை கட்டி, இரும்புச் சல்லடையை நாள் முழுவதும் ஆட்டினார்கள். அங்கே மூடியும் இல்லை, கைப்பிடியும் இல்லை. பெட்டிக்கு மூடி போட யோசித்த அதே நூற்றாண்டு இவர்களுக்காக எதையும் யோசிக்கவில்லை. பின்னால் செங்கல் சந்தை சரிந்தபோது ஒப்பந்தக்காரர்கள் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டு, அள்ளுவதற்குப் பணம் கேட்கத் தொடங்கினார்கள்.

சுழற்றும் கைப்பிடி உள்ள வகை அமெரிக்காவிலும் ஏராளம். பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் கிழக்குக் கரை நகரங்களின் வீடுகளைச் சூடாக்கிய காலத்தில், பீப்பாயின் வாயில் பொருத்தும் உருளைச் சல்லடைகளை இரும்புச் சாமான் கடைகள் விற்றன. மேலே சாம்பலைக் கொட்டிச் சுற்றினால் தூள் பீப்பாய்க்குள் விழும், கரி வேறு வழியாக வெளியே வரும். அங்கே ஆந்த்ரசைட்டை அளவு பார்த்து முட்டை, பட்டாணி என்றெல்லாம் பெயர் வைத்து விற்பார்கள். பட்டாணிக் கரி அரை அங்குலத்துக்குச் சற்றுப் பெரியது. அதை எரிக்கும் வீட்டில் அகலக் கண் சல்லடை இருந்தால், மீட்க வேண்டியதெல்லாம் சாம்பலோடு போய்விடும்.

இந்தக் கருவியின் மவுசு கரி கிடைப்பதைப் பொறுத்தது. 1902 மே முதல் அக்டோபர் வரை பென்சில்வேனியா சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட வேண்டி வந்தது. முதல் உலகப் போரின்போது, 1917இல், எரிபொருளைப் பங்கிட அங்கே தனி நிர்வாகமே அமைத்தார்கள். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த நிலக்கரிக் கட்டுப்பாடு 1958 வரை நீடித்தது. இப்படிப்பட்ட நாட்களில் சாம்பல் வாளியைக் கிளறுவதை யாரும் கஞ்சத்தனம் என்று சொல்லவில்லை. பிறகு எரிவாயு வந்தது, மத்திய வெப்பமூட்டல் வந்தது. பெட்டி பரணுக்குப் போனது.

நம் ஊரில் இந்தப் பெட்டி ஏன் இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். தேவைப்படவில்லை. விறகில் கரியை மீட்பது சாம்பலான பிறகு நடப்பதல்ல, அதற்கு முன்பே நடப்பது. சமையல் முடிந்ததும் கனன்றுகொண்டிருக்கும் கொள்ளியை வெளியே இழுத்து, ஒரு செம்பு தண்ணீர் தெளித்து அணைத்தால் அடுப்புக்கரி தயார். குமுட்டி அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அது போகும். சாம்பலை வேறு காரியத்துக்காகச் சலித்தார்கள். நெய்வேலியிலிருந்து வந்த லெகோ என்னும் பழுப்பு நிலக்கரிக் கட்டி ஒரு காலத்தில் பல வீடுகளில் எரிந்தது. ஆனாலும் கைப்பிடி வைத்த சலிப்பான் இங்கே வேரூன்றவில்லை.

அந்த வேறு காரியம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா இங்கே வந்திருந்தபோது, நான் சலித்த சாம்பலைக் குப்பையில் கொட்டப் போவதைப் பார்த்து, “இவ்வளவு நைசாக இருக்கிறதே, பாத்திரம் தேய்க்க எடுத்து வையேன்” என்றார். விறகுச் சாம்பல் என்றால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அந்தக் காரம் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும். நிலக்கரிச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு. பிசுக்கு போகாது, எவர்சில்வரில் கீறல்தான் விழும். ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்களும் சிறு அளவில் இருக்கும் என்பதால் காய்கறிப் பாத்தியிலும் அதைப் போடக் கூடாது. அம்மாவுக்கு இந்த விளக்கம் திருப்தியாக இல்லை. சாம்பலில்கூட உபயோகமில்லாத ஜாதி ஒன்று உண்டா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இன்றைக்குப் பயன்படுமா என்ற கேள்விக்கு: நிலக்கரி வகை ஏதாவது எரிப்பவருக்கு, ஆம். 2023 மே முதல் இங்கிலாந்தில் புகை கக்கும் சாதாரண நிலக்கரியை வீடுகளுக்கு விற்கத் தடை இருக்கிறது. ஆந்த்ரசைட்டும் புகையில்லா எரிகட்டிகளும் விற்கலாம். ஆந்த்ரசைட் எரிக்கும் அடுப்பில்தான் மீள்கரி நிறையக் கிடைக்கும். விறகு மட்டும் எரிப்பவருக்கு இதில் பெரிய லாபம் இல்லை.

செய்முறை சுலபம். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் ஒரு முழு நாளாவது வெளியே ஆறவிடுங்கள். சாம்பலுக்குள் புதைந்த கங்கு நெடுநேரம் உயிரோடு இருக்கும், கார்பன் மோனாக்சைடையும் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே சூடான சாம்பலை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். பெட்டியில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கைப்பிடியைச் சுற்றத் தொடங்கும்போது சத்தம் மந்தமாக, கனமாக இருக்கும். தூள் இறங்க இறங்கச் சத்தம் தெளிந்து, கடைசியில் கலகலவென்று உலர்ந்த ஒலி வரும். அப்போது நிறுத்தி, சற்று நேரம் கழித்து மூடியைத் திறக்க வேண்டும். உடனே திறந்தால் மூடி போட்டதற்கே அர்த்தமில்லை. முகக்கவசம் கட்டிக்கொள்வது நல்லது.

சல்லடையில் நிற்பதெல்லாம் கரி என்று எண்ணிவிட வேண்டாம். சாம்பல் அதிகச் சூட்டில் உருகி இறுகிய கிட்டமும் அங்கேதான் நிற்கும். கையுறையோடு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கரித்துண்டு லேசானது, நுண்துளை உள்ளது, தேய்த்தால் கறுப்பாக ஒட்டும். கிட்டம் கனமாக, ஓரம் கூர்மையாக, சில இடங்களில் கண்ணாடி போலப் பளபளத்து, செம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். அதை மறுபடி அடுப்பில் போட்டால் எரியாது. அடித்தட்டின் இடுக்கில் போய் அடைத்துக்கொண்டு காற்றை நிறுத்திவிடும். இந்தப் பொறுக்கல் வேலையை எந்தக் கைப்பிடியும் செய்துதராது.

நீங்கள் அலங்காரத்துக்காக வாங்குவதானால் எப்படி இருந்தாலும் சரி. பயன்படுத்துவதற்கு என்றால் சல்லடைக் கம்பியைத் தடவிப் பாருங்கள். சாம்பலில் ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும், ஆகவே பழைய பெட்டிகளில் முதலில் போவது கம்பிதான். அதை மாற்றிக்கொள்ளலாம், வலை எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். மூடி தொலைந்துபோன பெட்டி என்றால் பாதி விலைக்குக் கேளுங்கள்.