புது சிலிண்டர் மாட்டியதும் கேஸ் வாடை: ரெகுலேட்டரை மாற்ற வேண்டுமா?

ரெகுலேட்டரை இப்போது மாற்ற வேண்டாம். உங்கள் செல்லூர் வீட்டில் புது சிலிண்டர் மாட்டிய நாளிலிருந்துதான் வாடை என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷர்தான் காரணம். மோதிரம் போல இருக்கும். அதில் ஒரு கீறல் போதும்.

முதலில் பூஜை விளக்கை அணையுங்கள், ஜன்னலைத் திறங்கள். ரெகுலேட்டர் கழுத்திலும் டியூப் முனைகளிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி கிளம்பும் இடமே கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது! டியூப் வாங்கி 5 ஆண்டு தாண்டியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ரெகுலேட்டரை மூடிய பிறகும் வாடை நிற்கவில்லையென்றால் சிலிண்டர் வால்வே பழுது. நீங்களாகக் குடையாதீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். எனவே எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள். நள்ளிரவானாலும் தயங்காதீர்கள்.