'டிஸ்கிரிமினேஷன்' என்றால் பிரித்தறிவதா, பாரபட்சமா? ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு பொருள்?

ஏதோ மொழிபெயர்க்கும்போது குழம்பிக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டும் சரிதான். நம் 'பாகுபாடு'ம் அப்படித்தானே? 'பால் பாகுபாடு' என்றால் இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால் என்று வகுப்பது. செய்தித்தாளில் பெண்ணுக்கு நடக்கும் அநியாயம்.

எனக்குக் காது மந்தம். செவித்திறன் சோதனையில் 'ஸ்பீச் டிஸ்கிரிமினேஷன் ஸ்கோர்' என்று ஒன்று உண்டு. நன்றாகக் காதில் விழும் சத்தத்தில் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு எத்தனை சரி என்பதுதான் மதிப்பெண். எனக்கு அது குறைவு. குரல் கேட்கும், ஆனால் 'பல்'லா 'கல்'லா என்று பிரியாது. உதடு மூடுவதைப் பார்த்தால் 'பல்' என்று உடனே தெரிந்துவிடும்.

அதனால்தான் வேலையிடத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்கு முன்வரிசை கேட்டேன். இருக்கைகள் பெயரின் அகரவரிசையில். "ஒருத்தருக்கு மட்டும் மாற்றினால் பாகுபாடு ஆகிவிடும், இங்கே எல்லாரும் சமம்" என்றார் பொறுப்பாளர். கடைசி வரிசையில் பாதிப் பாடம் போயிற்று. அப்புறம் என் அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அந்த வருடப் பதவி உயர்வும் கிடைக்கவில்லை.

சலுகை கேட்டுவிட்டுப் புலம்புவதாகச் சிலர் சொல்வீர்கள். கேள்வித்தாளை எளிதாக்கச் சொல்லவில்லை, நாற்காலியைத்தான் மாற்றச் சொன்னேன். ஒரு வேலைக்கு இயல்பாகவே தேவைப்படும் தகுதியை வைத்துப் பிரித்தால் அது பாகுபாடு ஆகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1958ஆம் ஆண்டு உடன்படிக்கையே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமை குறித்த ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது. ஆக, பிரித்துப் பார்ப்பது குற்றமில்லை. எதை வைத்துப் பிரிக்கிறோம், அதனால் யாருடைய வாய்ப்பு பறிபோகிறது என்பதுதான் விஷயம். பார்க்க வேண்டிய வித்தியாசத்தைப் பார்க்காமல் விட்டதால்தான் எனக்கு அநியாயம் நடந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காது மந்தம் என்று தெரிந்ததும் கத்துகிறவர்களே, கத்தினால் சத்தம்தான் கூடுகிறது, சொல் தெளிவதில்லை. முகத்தைக் காட்டி நிதானமாகப் பேசுங்கள். மறுபடி கேட்டால் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். "ஒண்ணுமில்லை, விடு" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.