சிரிக்காமல் நிற்பவர்கள்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அப்பாவுக்கு வேலை மாற்றல் வந்ததால் இந்த வருடம் புதுப் பள்ளி. எனக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். முதல் வாரமே நாலு பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வாய் திறந்தாலே என்னைப் போலத் திக்கிக் காட்டுகிறார்கள்; வகுப்பே சிரிக்கிறது. நான் பாடம் வாசித்ததை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அம்மாவிடம் சொன்னால் "கண்டுக்காதே, தானா அடங்கிடும்" என்கிறார். திருப்பி அடித்துவிடலாமா என்று ஆத்திரம் வருகிறது. சில நாள் காலையில் கண் விழிக்காமலே போனால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றுகிறது. என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கண் விழிக்காமல் போனால் நன்றாயிருக்கும் என்று எழுதியிருக்கிறாயே, அதை இன்றைக்கே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லிவிடு. பள்ளியில் கிண்டல் செய்கிறார்கள் என்று கேட்டதால்தான் அம்மா கண்டுகொள்ளாதே என்றிருப்பார். இதை அவர் இன்னும் கேட்டிருக்க மாட்டார். வாய்விட்டுச் சொல்ல வரவில்லையா, எனக்கு எழுதிய கடிதத்தையே கையில் கொடு. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்லி நீயே கேள். அந்த எண்ணம் மறுபடி வந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்காதே. மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சரி, பள்ளிக்கு வருவோம். 1970களிலிருந்து பள்ளிகளில் நடக்கும் இந்த மாதிரிக் கொடுமையை ஆராய்ந்த டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர், இது விளையாட்டா கொடுமையா என்று தெரிய மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்: வேண்டுமென்றே செய்கிறார்களா, திரும்பத் திரும்பச் செய்கிறார்களா, இரு பக்கமும் பலம் சமமாக இருக்கிறதா. உன் விஷயத்தில் வேண்டுமென்றேதான் செய்கிறார்கள், தினமும் செய்கிறார்கள், நாலு பேருக்கு எதிரே நீ ஒருவன். ஆகவே "சும்மா விளையாட்டுக்கு" என்று யார் சொன்னாலும் ஏற்காதே. திக்குவதுதான் காரணம் என்றும் நினைக்காதே. அது இல்லையென்றால் வேறொன்றைப் பிடித்திருப்பார்கள். புதிதாக வந்தவன் பக்கம் நிற்க ஆள் இல்லை, அதுதான் அவர்களுக்கு வசதி. (பேச்சுப் பயிற்சி எடுக்க உனக்கு விருப்பமிருந்தால் எடு. இவர்களுக்குப் பயந்து எடுக்காதே.)

வகுப்பே சிரிக்கிறது என்கிறாய். இதில் மட்டும் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை. பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லியும் சக ஆய்வாளர்களும் 1996இல் இப்படிப்பட்ட வகுப்புகளைப் பிரித்துப் பார்த்தார்கள். கூட்டுச் சேர்பவர்கள், சிரித்து ஏற்றிவிடுபவர்கள், ஒதுங்கி நிற்பவர்கள், தடுக்க வருபவர்கள் எனத் தனித்தனியாக இருந்தார்கள். அவமானத்தில் தலை குனிந்திருப்பவனுக்கு இது தெரியாது. எல்லாச் சிரிப்பும் ஒரே சிரிப்பாகத்தான் கேட்கும். கனடாவில் பள்ளி மைதானங்களில் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்டதில் இன்னொன்று தெரிந்தது. சக மாணவர்கள் தலையிட்டது குறைவுதான். ஆனால் தலையிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவை 10 விநாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது.

அதனால் நாளைக்கு அந்த நாலு பேரை விட்டுவிட்டு மற்றவர்கள் முகத்தைப் பார். சிரிக்காமல் புத்தகத்தைப் பார்ப்பவன் ஒருவனாவது இருப்பான். அவனிடம் போய் நோட்டு கேள், வீட்டுப்பாடம் கேள். உனக்காகச் சண்டை போடச் சொல்ல வேண்டாம், அது அவனுக்கும் பயம். இடைவேளையில் கூட நடந்தால் போதும். தனியாக இருப்பவனைச் சீண்டுவது போல இரண்டு பேரைச் சீண்டுவது சுலபமில்லை.

அடிக்காதே. ஆசிரியர் திரும்பிப் பார்ப்பதற்குள் முதல் அடி முடிந்திருக்கும், அவர் கண்ணில் படுவது உன் அடிதான். அதற்குப் பதில் எழுதி வை: தேதி, இடம், யார் என்ன செய்தார்கள், யார் பார்த்தார்கள். அந்த வீடியோவை அவர்கள் அழிப்பதற்குள் குரூப்பில் யார் போட்டது என்று தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடு. வேறு யாருக்கும் அனுப்பாதே. அதை எடுத்துக்கொண்டு அம்மா அப்பாவோடு வகுப்பாசிரியரைப் பார். "எல்லோரும் கிண்டல் பண்றாங்க" என்றால் அறிவுரைதான் கிடைக்கும். தேதியோடு சொன்னால் அவர் விசாரித்தே ஆக வேண்டும். அவர் தட்டிக் கழித்தால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

உன்னையும் அந்த நாலு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்லி ஆசிரியர் கேட்கக்கூடும். வேண்டாம் என்று அம்மாவைச் சொல்லச் சொல். பலம் சமமில்லாத இடத்தில் சமாதானம் பேசினால் பலவீனமானவன்தான் விட்டுக்கொடுப்பான். அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கட்டும். பின்லாந்துப் பள்ளிகளில் இன்னொன்றும் செய்கிறார்கள்: வகுப்பில் நல்ல பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை ஆசிரியரே அழைத்து, பாதிக்கப்பட்டவனோடு இருக்கச் சொல்கிறார். உன் ஆசிரியரிடமும் அதைக் கேட்கலாம். நீ கண்டுபிடித்து வைத்திருப்பவனின் பெயரையும் அப்போது சொல். அம்மாவிடம் பேசியதும் எனக்கு ஒரு வரி எழுது, காத்திருப்பேன்.